மண்கோட்டையும் மலைப்பாதையும்

அம்மாச்சியிடம் ஒன்பது சேலைகள் இருந்தன. 2018 மார்ச் 11-ம் தேதி இரவுக்குப் பிறகு அவை ஐந்தாகிவிட்டன.

அன்று ஞாயிற்றுக்கிழமை. நான் மதுரைக் கல்லூரி விடுதியிலிருந்து குரங்கணிக்கு வந்திருந்தேன். மதியத்துக்கு மேல் கொழுக்குமலைப் பக்கம் புகை எழுந்தது. கோடையில் மலையில் புகை தெரிவது எங்களுக்குப் புதிதல்ல. ஆனால் மேலே ஆட்கள் இருக்கிறார்கள், மலையேற வந்தவர்கள் மாட்டிக்கொண்டார்கள், அதில் நிறையப் பேர் பெண்கள் என்று தெரிந்தபோது ஊரே தெருவுக்கு வந்துவிட்டது. சென்னையிலிருந்து ஒரு குழு, ஈரோடு, திருப்பூர் பக்கமிருந்து ஒரு குழு. மகளிர் தினம் கழிந்து மூன்று நாள்தான் ஆகியிருந்தது.

பாதை தெரிந்த ஆண்கள் இருட்டோடு மேலே ஏறினார்கள். வண்டி போகாத மலையில் நோயாளியைக் கீழே கொண்டுவர எங்களுக்குத் தெரிந்த ஒரே வழி தூளிதான். நீளமான கம்பு, அதில் கட்டிய துணி, முன்னால் இரண்டு பேர், பின்னால் இரண்டு பேர். துணி வேண்டும் என்று யாரோ குரல் கொடுத்தார்கள். அம்மாச்சி டிரங்குப் பெட்டியைத் திறந்து நாலு நூல் சேலைகளை எடுத்துக் கொடுத்தாள். "பாலியஸ்டர் வேணாம், உடம்புல ஒட்டிக்கிரும்" என்று மட்டும் சொன்னாள். பிறகு அடுப்பில் பெரிய பாத்திரத்தை ஏற்றிக் கஞ்சி வைத்தாள்.

அந்தத் தீயில் 20-க்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள். சேலைகள் திரும்பி வரவில்லை. அவள் அதைப் பற்றி யாரிடமும் கேட்டதும் இல்லை.

மறுநாள் எங்கள் ஊருக்கு மேலே ஹெலிகாப்டர்கள் பறந்தன. கேமராக்கள் வந்தன. அதற்கடுத்த நாளிலிருந்து பேச்சு வந்தது. டீக்கடையில், பஸ்ஸில், எங்கள் வீட்டுத் திண்ணையில், எல்லா இடத்திலும் ஒரே பேச்சு: பொம்பளப் பிள்ளைகளுக்கு எதற்கு மலையேற்றம்? வீட்டில் இருந்திருந்தால் இது நடந்திருக்குமா?

இந்தக் கேள்வியைக் கேட்டவர்களின் வீட்டுப் பெண்கள் அன்று காலையும் மலை ஏறிப் போயிருந்தார்கள். காப்பி பறிக்க, மிளகு பறிக்க, விறகு பொறுக்க. எங்கள் தெருவில் சென்ட்ரல் ஸ்டேஷன் வரை ஏறி இறங்காத கால் உள்ள பெண் யாருமில்லை. அவர்களைப் பார்த்து யாரும், "உனக்கு எதுக்கு மலை?" என்று கேட்டதில்லை. கூலிக்கு ஏறினால் அது பிழைப்பு. ஆசைக்கு ஏறினால் அது திமிர். இறந்தபின்பும் அந்தப் பெண்கள் மன்னிக்கப்படாததற்கு அதுதான் காரணம் என்று எனக்குத் தோன்றியது. எனக்கு அப்போது 20 வயது. கோபம் இருந்தது, சொல்லத் தெரியவில்லை.

என் பையில் ஒரு தாள் இருந்தது. எங்கள் வரலாற்றுத் துறை அந்த மாதக் கடைசியில் தாமிரபரணிக் கரைக்கு இரண்டு நாள் களப்பயணம் போவதாக இருந்தது. ஆதிச்சநல்லூர், கொற்கை, ஸ்ரீவைகுண்டம். 'தந்தை / காப்பாளர் ஒப்புதல்' என்று போட்டு அடியில் ஒரு கோடு. அந்தக் கோட்டில் கையெழுத்து வாங்கத்தான் நான் ஊருக்கு வந்ததே.

பெரியப்பா தாளை வாங்கிப் படித்துவிட்டுத் திண்ணையிலேயே வைத்தார். அய்யா அண்ணன் பேச்சைத் தட்டாதவர்.

"ரெண்டு நாளு, ராத்திரித் தங்கல் வேற. மேல கெடந்ததுகளப் பாத்தீகள்ல? வீட்டோட இருந்திருந்தா இப்படி வெந்து சாகணுமா?" என்றார் பெரியப்பா.

அம்மாச்சி முற்றத்தில் அமர்ந்து இலவம்பஞ்சிலிருந்து கொட்டை பிரித்துக்கொண்டிருந்தாள். மகளைக் கட்டிக்கொடுத்த வீட்டில் தங்கியிருப்பவள் என்பதால் அவள் அங்கே அதிகம் வாய் திறக்க மாட்டாள். அன்று தலையை நிமிர்த்தாமலேயே சொன்னாள்.

"வீட்டுக்குள்ள வெந்து செத்தவள எண்ணச் சொன்னா ஒங்களுக்கு ரெண்டு கையி வெரலு பத்துமா தம்பி?"

திண்ணை அமைதியானது. ஸ்டவ் வெடித்தது, சேலையில் தீப்பிடித்தது என்று சொல்லப்பட்ட சாவுகள் எங்கள் பக்கத்து ஊர்களில் எத்தனை என்று அங்கே இருந்த எல்லோருக்கும் தெரியும். அம்மா அடுப்படியிலிருந்து வந்தாள். தாளை எடுத்துக்கொண்டு போனாள். திரும்பித் தந்தபோது 'காப்பாளர்' என்ற இடத்தில் எழுத்துக் கூட்டி எழுதிய அவளுடைய பெயர் இருந்தது.

அப்படித்தான் நான் ஸ்ரீவைகுண்டத்துக்குப் போய்ச் சேர்ந்தேன்.

ஆதிச்சநல்லூர் ஆற்றின் தென்கரையில் இருக்கிறது. 1876-ல் ஜெர்மானியரான ஜாகோரும், பிறகு 1899 முதல் அலெக்சாண்டர் ரீயும் தோண்டித் தாழிகளை எடுத்த பறம்பு அது. அதைப் பார்த்துவிட்டு ஆற்றைக் கடந்து வடகரைக்கு வந்தோம். ஸ்ரீவைகுண்டம் என்றதும் நவதிருப்பதிக் கோயிலும் குமரகுருபரரும்தான் எனக்குத் தெரியும். எங்கள் பேராசிரியை, "கோயிலை அப்புறம் பார்க்கலாம். முதலில் கோட்டையைப் பாருங்கள்" என்றார்.

கோட்டை என்றால் என் மனதில் திண்டுக்கல் மலைக்கோட்டைதான் வரும். கருங்கல், பீரங்கி, அகழி. இங்கே அப்படி எதுவும் இல்லை. இது மண்கோட்டை. மதில் என்று சொல்லிக்கொள்ள மிச்சமிருந்தது கொஞ்சம்தான். அதைப் பார்த்து, "இதுவா?" என்று நாங்கள் சிரித்துவிட்டோம். ஓர் ஆள் தோளில் ஏறினால் தாண்டிவிடலாம் போலிருந்தது.

"எதிரி உள்ளே வராமல் இருக்க இதைக் கட்டவில்லை. பெண்கள் வெளியே போகாமல் இருக்கத்தான் இது இத்தனை காலம் நின்றது" என்றார் பேராசிரியை. எங்கள் சிரிப்பு நின்றது.

இந்த மதிலுக்குள் வாழ்ந்தவர்கள் கோட்டைப் பிள்ளைமார். வேளாளரில் ஒரு சிறு பிரிவு. பாண்டியர்களுக்கு முடிசூட்டும் உரிமை தங்களுடையது என்பது அவர்கள் வழிவழியாகச் சொல்லிவந்த கதை. பல நூற்றாண்டுகளாக அவர்கள் தங்களுக்குள் மட்டுமே மண உறவு வைத்துக்கொண்டார்கள். அவர்கள் வீட்டுப் பெண் கோட்டைக்குள் பிறந்தாள், கோட்டைக்குள்ளேயே மணமுடித்தாள், கோட்டைக்குள்ளேயே இறந்தாள். வாசலைத் தாண்டியதில்லை. பருவம் வந்த பெண்ணை நெருங்கிய உறவினர் தவிர வேறு ஆண் கண்ணால் பார்த்ததில்லை. ஆண்கள் வெளியே போய் நிலம் பார்த்தார்கள், வியாபாரம் பார்த்தார்கள், கச்சேரிக்குப் போனார்கள். 1909-ல் வெளிவந்த தர்ஸ்டனின் தென்னிந்தியச் சாதிகள் பற்றிய ஏழு தொகுதி நூலில்கூட இவர்கள் இடம்பெற்றிருக்கிறார்கள். வெள்ளைக்கார அதிகாரிகளுக்கு அது ஒரு வேடிக்கை.

வாசல் இருந்த இடம் என்று காட்டப்பட்ட பக்கத்தில் ஒரு வயதான அம்மா தட்டில் கத்திரிக்காய் வைத்து விற்றுக்கொண்டிருந்தார். நாங்கள் நோட்டில் எழுதுவதைப் பார்த்து அவராகவே பேசினார்.

"எங்க மாமியா உள்ள வேலைக்குப் போவா. நாங்க உள்ள போவோம், அவிய வெளிய வரமாட்டாவ. பொறந்தா உள்ள. செத்தாத்தான் வெளிய."

"பாவம்லா அவங்க?" என்றாள் என் தோழி.

அந்த அம்மா கொஞ்சம் யோசித்தார். "பாவந்தான். ஆனா வெயிலுல களை எடுத்துட்டு, மண்ணு சுமந்துட்டு நாங்க போவோம். அவியளுக்கு நாங்க பாவம். எங்களுக்கு அவிய பாவம். யாரு பாவம்னு யாரு சொல்ல?"

அந்தப் பதிலை அன்று நோட்டில் எழுதவில்லை. ஆனால் அன்று எழுதியது எதுவும் இப்போது நினைவில் இல்லை, அந்தப் பதில் மட்டும்தான் இருக்கிறது.

மண் மதிலைப் பற்றி ஒன்று யோசித்துப் பாருங்கள். கல் மதிலைக் கட்டிவிட்டுப் போய்விடலாம். மண் மதில் அப்படியல்ல. ஒவ்வொரு மழைக்கும் கரையும். ஒவ்வொரு மழைக்குப் பிறகும் யாராவது மண் சுமந்து, குழைத்து, பூசிக்கொண்டே இருக்க வேண்டும். பூசுவதை இரண்டு மூன்று வருடம் நிறுத்தினால் போதும், கோட்டை தானாகவே கீழே வந்துவிடும். அப்படியானால் இத்தனை நூற்றாண்டு அதை நிற்க வைத்தது யார்? மண் சுமந்தவர்கள் உள்ளே இருந்தவர்களாக இருக்க முடியாது. வெளியே வாழ்ந்த உழைக்கும் சாதி ஆண்களும் பெண்களுமாகத்தான் இருந்திருக்க வேண்டும். ஒரு பெண்ணை வெளியே விடாமல் இருக்க இன்னொரு பெண் வெயிலில் மண் சுமக்கிறாள். உள்ளே இருப்பவளின் 'கௌரவம்' வெளியே இருப்பவளுக்குக் கிடையாது என்பதில்தான் அந்தக் கௌரவத்தின் மதிப்பே இருக்கிறது.

அம்பேத்கர் 1916-ல், கொலம்பியா பல்கலைக்கழகத்தில் மாணவராக இருந்தபோது, சாதியின் தோற்றம் பற்றி ஒரு கட்டுரை வாசித்தார். அகமணம்தான் சாதியின் உயிர் என்றும், அதைக் காப்பாற்றப் பெண்ணைக் கட்டுப்படுத்தியே ஆக வேண்டும் என்றும் அதில் விளக்கினார். வகுப்பில் அதைப் படித்தபோது எனக்குத் தேர்வுக்கான ஒரு கேள்வி பதிலாகத்தான் தெரிந்தது. ஸ்ரீவைகுண்டத்தில் அதையே மண்ணால் கட்டி வைத்திருந்தார்கள்.

மானுடவியலாளர் கமலா கணேஷ் இந்தச் சமூகத்தைப் பற்றி விரிவாக ஆய்வு செய்து 1993-ல் ஆங்கிலத்தில் ஒரு நூல் வெளியிட்டார். எல்லைச் சுவர்கள் என்பதுதான் அதன் தலைப்பு. முதுகலை படிக்கும்போது நூலகத்தில் அதைத் தேடி எடுத்தேன். உள்ளே இருந்த பெண்கள் ஒன்றுமற்றவர்கள் அல்ல என்பதுதான் என்னை உட்கார வைத்தது. அவர்களுக்குச் சொத்து இருந்தது. தாய்வீடு கூப்பிடு தூரத்தில் இருந்தது. கல்யாணமாகி அந்நிய ஊரில் போய்த் தனியாக நின்று அடிவாங்கும் நிலை இல்லை. எங்கள் தெருவில் எத்தனை பெண்களுக்கு ஒரு சென்ட் நிலமாவது தன் பெயரில் இருக்கிறது?

ஆக, கோட்டை பெண்ணுக்கு எதுவுமே தரவில்லை என்று சொல்ல முடியாது. சோறு தந்தது, நகை தந்தது, சொந்தபந்தம் தந்தது. வாசலை மட்டும் தரவில்லை. அந்த ஒன்று இல்லாதபோது மற்றதெல்லாம் எவ்வளவு நாளைக்குப் போதும்? பீரங்கி வந்து அந்தக் கோட்டை விழவில்லை. குடும்பங்கள் குறைந்தன. உள்ளுக்குள்ளேயே பெண், மாப்பிள்ளை தேடுவது முடியாமல் போனது. ஆண்கள் படித்து வேலைக்கு வெளியூர் போனார்கள். மனைவியைக் கோட்டையில் விட்டுவிட்டு எத்தனை நாள் இருப்பது? கடைசியில் பெண்களும் வெளியே வந்தார்கள். 20-ம் நூற்றாண்டின் பிற்பாதியில் அந்த வழக்கம் முடிந்தது. வானம் இடிந்து விழவில்லை.

இங்கே நான் இன்னொரு கோட்டையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது ஸ்காட்லாந்தில் இருக்கிறது. நான் அங்கே போனதில்லை. ஆனால் குரங்கணியில் பிறந்தவளுக்கு ஸ்காட்லாந்து அவ்வளவு தூரமும் இல்லை. எங்கள் ஊருக்கு 'பாட்டம் ஸ்டேஷன்' என்றும் பெயர் உண்டு. ஒரு காலத்தில் மூணாறு பக்கத்துத் தேயிலைப் பெட்டிகள் டாப் ஸ்டேஷனிலிருந்து கம்பிவடத்தில் தொங்கி எங்கள் ஊருக்குத்தான் இறங்கும். மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷனுக்கு 1902-ல் ஒற்றைத் தண்டவாளமும், 1908-ல் சிறு ரயிலும் போட்டார்கள். 1924 வெள்ளம் அதை அடித்துக்கொண்டு போனது. அந்தத் தேயிலைத் தோட்டங்களை நடத்திய கண்ணன் தேவன் நிறுவனத்தின் பின்னால் இருந்தது கிளாஸ்கோ நகரத்து ஃபின்லே கம்பெனி. சிறுமியாக இருந்தபோது அம்மாச்சியிடம், "இந்தத் தொரைமாரு ஊருல வீடெல்லாம் எப்படி இருக்கும்?" என்று கேட்டிருக்கிறேன். "நமக்கென்னத்தா தெரியும், கல்லு வீடா இருக்கும்" என்றாள். பிறகு வரலாறு படித்தபோது நானாகத் தேடிப் பார்த்தேன். அவள் சொன்னது சரிதான்.

ஸ்காட்லாந்தின் நிலவுடைமையாளர்கள் சில நூற்றாண்டுகள் வாழ்ந்தது கோபுர வீடுகளில். பக்கவாட்டில் விரியாமல் மேல்நோக்கி எழும் வீடு. கல் சுவர் ஐந்தாறு அடி கனம் இருக்கும். தரைத்தளத்தில் வளைவுக் கூரையோடு இருட்டான கிட்டங்கி, அதற்கு மேல் கூடம், அதற்கும் மேலே படுக்கை அறைகள். சுவரின் கனத்துக்குள்ளேயே சுழன்று ஏறும் படிக்கட்டு. ஒரு நேரத்தில் ஓர் ஆள்தான் ஏற முடியும். கீழே சன்னல் கிடையாது, துப்பாக்கி நீட்டும் துளை உண்டு. வாசல் ஒன்றே ஒன்று. மரக்கதவுக்குப் பின்னால் இரும்புக் கம்பிகளைக் குறுக்கும் நெடுக்குமாகக் கோத்த இன்னொரு கதவு. வீட்டைச் சுற்றி ஆடுமாடு அடைக்க மதில். இங்கிலாந்து எல்லையை ஒட்டிய பகுதியில் வசதியுள்ள ஒவ்வொரு நிலக்காரரும் இப்படி ஒரு மதில் கட்டியே ஆக வேண்டும் என்று 1535-ல் ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் சட்டமே போட்டது. 60 அடிச் சதுரம், சுமார் 3 அடி கனம், 18 அடி உயரம். கொள்ளையும் பழிக்குப் பழியும் ஓயாத நாடு. நம் பாளையக்காரர் காலத்தை நினைத்துக்கொண்டால் கொஞ்சம் புரியும்.

அந்த நாட்டின் வடகிழக்கே கார்காஃப் என்று ஒரு கோபுர வீடு. 1550-ஐ ஒட்டி ஃபோர்ப்ஸ் குடும்பம் கட்டியது. 1571 நவம்பரில் அந்த வீட்டின் ஆண்கள் வெளியே போயிருந்தார்கள். வீட்டுத் தலைவி மார்கரெட், பிள்ளைகள், வேலைக்காரர்கள் உள்ளே. பகைக் குடும்பத்தைச் சேர்ந்த ஆடம் கார்டனின் ஆட்கள் வந்து வீட்டை ஒப்படைக்கச் சொன்னார்கள். மார்கரெட் கதவைத் திறக்க மறுத்தார். வெளியே இருந்தவர்கள் தீ வைத்தார்கள். 25-க்கும் மேற்பட்டவர்கள் உள்ளேயே இறந்துபோனார்கள்.

அதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அத்தனை கனமான கல் சுவர், ஒரே வாசல், இரும்புக் கதவு. பகைவன் உள்ளே வராமல் இருக்க யோசித்து யோசித்துக் கட்டிய ஒவ்வொன்றும், தீ பிடித்ததும் உள்ளே இருந்தவர்கள் வெளியே வராமல் பார்த்துக்கொண்டது. பெரியப்பாவின் கேள்வி நினைவுக்கு வந்தது. வீட்டோடு இருந்திருந்தால் இப்படி வெந்து சாகணுமா? மார்கரெட் வீட்டோடுதான் இருந்தார்.

மலையில் இறந்தவர்களையும் கோபுரத்தில் இறந்தவர்களையும் தராசில் வைக்க நான் இதைச் சொல்லவில்லை. சுவர் யாருக்காகக் கட்டப்படுகிறது என்று கேட்கத்தான் சொல்கிறேன். கார்காஃபின் சுவர் ஃபோர்ப்ஸ் குடும்பத்தின் நிலத்துக்கும் பெயருக்கும் காவல். ஸ்ரீவைகுண்டத்தின் மதில் ஒரு சாதியின் ரத்தத்துக்குக் காவல். அந்தக் காவலுக்குள் பெண்ணும் இருந்தாள், கிட்டங்கியில் தானியம் இருப்பதைப் போல. காவல் காக்கப்படுவதும் பாதுகாப்பாக இருப்பதும் ஒன்றல்ல.

அந்தக் கோபுர வீடுகளின் கதையில் எனக்குப் பிடித்த இடமும் ஒன்று உண்டு. 1603-ல் இரண்டு நாடுகளுக்கும் ஒரே அரசர் வந்தார். அதன்பின் 1606-ல், எல்லைப் பகுதி வீடுகளின் இரும்புக் கதவுகளைக் கழற்றி ஏர்க்கொழுவாக அடித்துக்கொள்ளச் சொல்லி உத்தரவு வந்தது. கொள்ளை நின்றால் கதவுக்கு வேலை இல்லை, நிலத்துக்குத்தான் இரும்பு வேண்டும். கார்காஃபும் மாறியது. 1748-ல் அதை ராணுவக் குடியிருப்பாக்கி, நட்சத்திர வடிவில் புதிதாக ஒரு மதில் எழுப்பினார்கள். 19-ம் நூற்றாண்டில் ராணுவமும் போய்விட்டது. கடைசியாக அங்கே குடியிருந்தவர்கள் ராஸ் என்ற பெயருடைய சகோதரிகள். 'கோட்டைச் சீமாட்டிகள்' என்று ஊரார் அவர்களை அழைத்தார்களாம். முதல் உலகப் போர்க் காலத்தில் அவர்களும் வெளியேறினார்கள். பெண்கள் எரிந்த வீட்டைக் கடைசியில் இரண்டு பெண்கள் தாமாகவே கதவைத் திறந்து விட்டுவிட்டுப் போனார்கள் என்று நினைத்துக்கொள்வேன்.

இப்போது நான் போடி பக்கம் ஒரு பள்ளியில் வரலாறு சொல்லித் தருகிறேன். அம்மாச்சி 2021-ல் இறந்துவிட்டாள். வருடம் ஒருமுறை பிள்ளைகளைக் களப்பயணம் கூட்டிப் போகிறேன். சென்ற முறை கீழடி அருங்காட்சியகம். ஒரே நாள்தான், காலையில் போய் இரவு திரும்புவது. ஒப்புதல் படிவம் கொடுத்தனுப்பினேன். பையன்களின் படிவம் மறுநாளே வந்துவிட்டது. பெண் பிள்ளைகளில் மூன்று பேரின் படிவம் வரவில்லை.

அதில் ஒருத்தியின் வீட்டுக்குப் போனேன். ஏலக்காய் வாசம் தெரு முனையிலேயே வந்தது. அவளுடைய அம்மா விடிகாலை ஜீப்பில் போடிமெட்டு தாண்டித் தோட்ட வேலைக்குப் போகிறவர். வேலை இல்லாத நாளில் வீட்டிலேயே காய் ஆய்ந்து தருகிறார். சாக்கில் கொட்டி வைத்திருந்த காயைப் பருமன் பார்த்து, நிறம் பார்த்துப் பிரித்துக்கொண்டே பேசினார். அவளுடைய அப்பா கட்டிலில் உட்கார்ந்திருந்தார்.

"காலம் கெட்டுக் கெடக்கு டீச்சர்" என்றார் அப்பா. "பொம்பளப் புள்ள. எதுனா ஒண்ணு ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது? வீட்டுல இருந்தா நிம்மதி."

நான் பதில் சொல்வதற்குள் அந்த அம்மா கேட்டார். "பஸ்ஸு கவருமெண்டா, தனியாரா டீச்சர்?"

சொன்னேன்.

"எத்தன டீச்சர்மாரு வாரீக? அங்க ஒண்ணுக்குப் போக எடம் இருக்கா? இவளுக்கு அந்த நாளு வந்துட்டா என்ன செய்வீக? ராத்திரி எத்தன மணிக்குப் போடில எறக்கி விடுவீக? எறக்கி விட்டதும் போன் பண்ணுவீகளா, இல்ல நான் வந்து நிக்கவா?"

ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னேன். ஒன்றிரண்டுக்கு என்னிடம் சரியான பதில் இல்லை. விசாரித்துச் சொல்கிறேன் என்று குறித்துக்கொண்டேன்.

திரும்பி நடக்கும்போதுதான் உறைத்தது. இரண்டு பேரும் கேட்டது பாதுகாப்பைப் பற்றித்தான். அப்பா கேட்டது சுவர். அம்மா கேட்டது வண்டி, கழிப்பறை, கூட வரும் ஆள், திரும்பும் நேரம், போன். அவர் தினமும் இருட்டில் ஜீப் ஏறுகிறவர். வெளியே போகிறவளுக்கு என்னென்ன வேண்டும் என்று வெளியே போகிறவளுக்குத்தான் தெரிகிறது. குரங்கணித் தீக்குப் பிறகும் நாம் கேட்டிருக்க வேண்டிய கேள்விகள் அந்த ரகம்தான். காய்ந்த புல்லில் தீத்தடுப்புக் கோடு வெட்டியிருந்ததா? மேலே ஆள் இருக்கும்போது எச்சரிக்கை சொல்ல வழி இருந்ததா? காயம்பட்டவரைக் கீழே கொண்டுவர எங்கள் ஊரில் சேலையும் கம்பும் தவிர வேறு ஏன் எதுவுமே இல்லை? இவற்றைக் கேட்டால் பதில் சொல்ல வேண்டியவர்கள் பலர் இருக்கிறார்கள், செலவும் இருக்கிறது. "பொம்பளைக்கு எதுக்கு மலை?" என்று கேட்டால் யாருக்கும் ஒரு பைசா செலவில்லை. அதனால்தான் சுவர் எப்போதும் முதலில் வந்து நிற்கிறது.

இரண்டு நாள் கழித்து, விட்டுப்போன கேள்விகளுக்கு விசாரித்து வைத்த பதில்களோடு மறுபடி போனேன். அந்த அம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். கையில் ஒட்டியிருந்த ஏலக்காய்த் தூசியைச் சேலையில் துடைத்துவிட்டுப் படிவத்தை வாங்கினார். "எங்கன போடணும்?" என்றார். 'தந்தை / காப்பாளர்' என்ற இடத்தில் விரல் வைத்துக் காட்டினேன். அடுத்த வருடப் படிவத்தில் 'தாய்' என்ற சொல்லையும் அச்சடிக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். அச்சடித்தும்விட்டேன்.

பயணத்துக்குப் புறப்படும்போது என் தோள்பையில் தண்ணீர், மாத்திரை, நாப்கின், டார்ச், பிள்ளைகளின் வீட்டு போன் எண்கள் எழுதிய தாள் எல்லாம் இருக்கும். அடியில், மடித்தபடி, அம்மாச்சியின் மிச்சமிருந்த ஐந்து சேலைகளில் ஒன்று. நூல் சேலை. இதுவரை அதைப் பிரிக்க வேண்டிய தேவை வரவில்லை.